எமலோகத்து வரிசைக்கு ரப்பர் தோல்

கணினிக்குள் செய்யும் சிற்பங்களுக்குத் தோல் போடுவது என் வேலை. உருவத்தை வேறொருவர் செதுக்கி அனுப்புவார். அது கல்லா, மரமா, சதையா என்று பார்க்கிறவர் கண் நம்பும்படி மேற்பரப்பை நான் உண்டாக்க வேண்டும். டெக்ஸ்சர் என்போம். ஊரில் யாரிடமும் இதை விளக்கி ஜெயித்ததில்லை. "கம்ப்யூட்டர்ல பெயிண்ட் அடிக்கா" என்று அம்மா சொல்லிவைத்தாள், அதுவே நிலைத்துவிட்டது.

போன மார்கழியில் அந்த வேலை வந்தபோது வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்று ஆடினேன். மறுமையைப் பற்றிப் பழைய நூல்கள் சொல்வதை வைத்து ஒரு டிஜிட்டல் கண்காட்சி. எமலோகத்துக்குப் போகும் வழியிலுள்ள ஆற்றைக் கடந்து கரையேறிய ஒன்பது உயிர்கள் எமன் வாசலில் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குத் தோல் வேண்டும். உடம்புதான் சாம்பலாகிவிட்டதே, பிறகு எதை வெட்டுவது, எதை எண்ணெயில் போடுவது? அதற்காகவே உயிருக்கு இன்னொரு உடம்பு கொடுக்கப்படுமாம். யாதனை உடம்பு. வெட்டினால் கூடிவிடும், சுட்டால் நோகும், சாகாது. படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தால் இல்லை, குஷியில்.

குஷி இருந்து என்ன? இரண்டு முறை அனுப்பினேன், இரண்டு முறையும் திரும்பி வந்தது. முதலாவது பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கிறதாம். இரண்டாவது மீன் தோலைப் படமெடுத்துச் செய்தது. அது மீன் மாதிரியே இருக்கிறதாம். வியாழக்கிழமைக்குள் மூன்றாவதும் சரிவராவிட்டால் வேறொருவரிடம் கொடுத்துவிடுவேன் என்றார் சென்னையிலிருந்த கலை இயக்குநர். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் ஒன்பது உயிர்களை யாருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

புதன்கிழமை காலை என் கணினியைப் பார்த்து அம்மா கத்தினாள். "ஏட்டி, அந்தச் சவத்த மூடி வச்சுட்டு வந்து ஷீட்ட எடு."

கீரிப்பாறை மலைக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. பாலை உறையவைத்து, மெஷினில் அடித்து ஷீட்டாக்கி, பக்கத்து வீட்டுப் புகைப்புரையில் புகைபோட்டுக் காயத் தொங்கவிடுவோம். ஏழு வீட்டு ஷீட் அங்கே ஒன்றாகத் தொங்கும்.

கதவைத் திறந்தேன். பின்சுவர் ஓட்டை வழியாக வந்த வெயில் ஷீட்டுகளுக்குள் புகுந்து நின்றது. தேன் நிறம், ஓரத்தில் கருப்பு, மேலெல்லாம் வரி, உள்ளே சின்னச் சின்னக் குமிழி. நாள்தோறும் வெட்டுப்பட்டும் சாகாத மரத்தின் பால், நாள்கணக்கில் புகையில் கிடந்தும் எரியாத தோல்! இத்தனை வருடமாக இதைத்தானே தோளில் சுமந்தேன்?

"அம்மா! இதுதாம்மா!"

"பாம்பா?" என்று அம்மா கம்போடு ஓடிவந்தாள். பாம்பில்லை என்றதும் கம்பை என் பக்கம் திருப்பினாள். நான் அதற்குள் எங்கள் ஷீட் ஒன்றை உருவிக் கொடியில் விரித்து, முன்னும் பின்னும் படமெடுக்க ஆரம்பித்திருந்தேன்.

"செத்தவனுக்கு எதுக்குட்டி தோலு?"

"அடி வாங்கதுக்கு."

மறுநாள் மத்தியானத்துக்குள் ஒன்பது பேருக்கும் போட்டு முடித்தேன். திரையில் வெளிச்சத்தைப் பின்னாலிருந்து கொடுத்தபோது உடம்பு புல்லரித்தது. அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை இயக்குநர் அழைத்தார். "ஒன்பது பேருக்கும் இடது தோள்பட்டைக்குக் கீழே மூணு வெட்டு இருக்கே. எந்த நூல்ல வருது?"

படத்தைப் பெரிதாக்கினேன், எங்கள் வீட்டுக் குறி! ஷீட்டுகள் மாறிப்போகாமலிருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடையாளம் உண்டு. மூலையில் கத்தியால் மூன்று வெட்டு எங்களுடையது. பிறந்ததிலிருந்து பார்க்கிற வெட்டு என் கண்ணுக்குக் குறையாகவே படவில்லை, துடைக்காமல் விட்டுவிட்டேன். ஏதாவது ஒரு பாட்டில் வருகிறது என்று அளந்துவிட நாக்கு துடித்தது. ஆனால் அடுத்து அந்தப் பாட்டைக் கேட்பாரே! உண்மையைச் சொன்னேன்.

போச்சு என்று நினைத்தேன்.

"மத்த வீட்டு அடையாளமெல்லாம் எப்படி இருக்கும்?" என்றார். "ஒன்பது பேருக்கும் ஒரே குறி வேண்டாம். ஆளுக்கொண்ணு போடுங்க. இதுதான் எனக்கு வேணும்."

போனை வைத்ததும் செருப்புகூடப் போடாமல் புகைப்புரைக்கு ஓடினேன். ஒரு வீட்டுக்கு ஓட்டை, ஒரு வீட்டுக்கு மூலையே இல்லை, ஒரு வீட்டுக்குச் சிவப்பு நூல். ஏழு கிடைத்தது, மீதி இரண்டுக்கு மேட்டுத்தெருப் புகைப்புரையில் போய்க் கெஞ்சினேன்.

எல்லாம் முடிந்ததும் அம்மாவை உட்காரவைத்துக் காட்டினேன். கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு தோளாகத் தேடினாள். நாலாவது ஆளிடம் விரல் நின்றது.

"இது நம்மளதுல்லா! பக்கத்து வீட்டுக்காரிக்க ஷீட்டு எப்பிடிட்டி முன்னால நிக்குது? நம்மளத முன்னால போடு."

"அம்மா, அது எமனுக்க வாசல்."

விரல் சட்டென்று விலகியது. "அப்பம் கடைசியில போடு மக்கா." கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி திரையைத் தொட்டாள். "ஆனா இந்த வெட்ட மட்டும் அழிச்சிராத. பொறவு நீ வரும்பம் என்னைய எப்பிடி கண்டுபிடிப்ப?"

அன்றைக்கே வரிசையை மாற்றி, அம்மாவை ஒன்பதாவதாக நிறுத்தினேன்.