சனிக்கும் டச்சிங்

திண்டுக்கல்லில் எந்த முகத்தையும் உள்ளபடி விட்டுவைக்காத ஒரு மனிதரிடம்தான் நான் சனியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கடைவீதியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அம்மைத் தழும்பை அழிப்பார், மாறுகண்ணை நேராக்குவார், கறுத்த பெண்ணை வெளுக்கவைப்பார். செத்தவரை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படத்தில் கருவிழி வரைந்து கண்ணைத் திறந்துவிடுவார். இதற்கெல்லாம் டச்சிங் என்று பெயர். ஊரும் அதைத்தான் கேட்டது. அவர் கடைவாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மணப்பெண்கள் அத்தனை பேரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் போல இருந்தார்கள். ஒருத்திக்கும் மூக்கு என்று சொல்லத்தக்க ஒன்று கிடையாது.

நான் அப்போது ஒரு புகையிலைக் கிட்டங்கியில் குமாஸ்தா. பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்துவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வாய் வராது. கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றார். எங்கள் முதலாளி நாற்காலி வாங்கப் போனபோது கூடப்போன நான், ஒரு பித்தளை டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் முதலாளி கேட்டார், "ஏலே, திண்டுக்கல்லுக்குக் கப்பலு எப்ப வருது?" பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பு கிட்டங்கியில் ஒரு மாதம் ஓடியது.

அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். பின்பக்கம் துவைகல்லுக்கு அருகே அதை நிறுத்தினேன். விளக்கு வைத்த பிறகு தெருவே வந்து பார்த்தது. அடுத்த வீட்டுக்காரர் சனியைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா? இதுக்கா இம்மாம் பெரிய குழாயி?" என்றார். இன்னொருவர் பழனி மலை தெரியுமா என்றார். வானத்தைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர், குழாயைக் கொஞ்சம் தாழ்த்தி எதிர்வீட்டு மாடிக்குத் திருப்ப முடியுமா என்றுதான் கேட்டார்கள். அப்படிப்பட்ட கண்களுக்கு எதைக் காட்டி என்ன பயன்? ஆனாலும் காட்டவேண்டும் என்று இருந்தது. பேசாமல் காட்ட ஒரே வழி, படம் எடுப்பது.

அண்ணனுடைய மடிப்புக் கேமராவை, கண் வைக்கும் முனைக்கு நேராகப் பலகையில் கட்டுவேன். பொத்தானை அமுக்கினால் குழாய் ஆடும். ஆகவே கேமராவைத் திறந்தே வைத்துவிட்டு, குழாயின் வாயைக் கறுப்பு அட்டையால் மூடிக்கொள்வேன். ஒன்று என்று மனசுக்குள் சொல்லும் நேரத்துக்கு அட்டையை விலக்கி மூடவேண்டும். கொஞ்சம் இழுத்துச் சொன்னால் போதும், சனி நகர்ந்து கோடாகிவிடும்.

பிலிம் கழுவுவது குளியலறையில். கதவுச் சந்துகளில் சாக்கை அடைப்பேன். எங்கள் ஊர்த் தண்ணீரின் சூட்டுக்குப் பிலிமின் மேல்பூச்சு இளகிக் கஞ்சி போல வழியும். டெவலப்பரைச் சொம்பில் ஊற்றி ஈர மணலில் புதைத்துக் குளிரவைப்பேன். வெளியே மதினி கதவைத் தட்டுவாள்.

"கொழுந்தனாரே, உள்ள இருக்கீகளா, இல்ல அந்தச் சனியன்கிட்டயே போயிட்டீகளா? பிள்ளைக குளிக்காமப் பள்ளிக்கூடம் போகுதுக."

"செத்த நேரம் மதினி."

"நேத்தும் இதத்தான் சொன்னீக."

பெரும்பாலும் கிடைத்தது புழு, குளவி, நசுங்கிய மொச்சை. கடைசியில் ஒரே ஒரு நெகட்டிவ் தேறியது. நொய்யரிசி அளவு கறுப்பு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் நடுவில் உருண்டை, இருபுறமும் காதுகளைப் போல வளையம், உருண்டைக்கும் வளையத்துக்கும் இடையே மயிரிழை இடைவெளி. அந்த வளையம் அப்போது வருடத்துக்கு வருடம் ஒடுங்கிக்கொண்டிருந்தது. சீக்கிரமே நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பிவிடும், மறுபடி நன்றாக விரியப் பல வருடங்கள் ஆகும் என்று படித்திருந்தேன். ஆகவே எனக்கு இருந்தது அந்த நொய்யரிசி ஒன்றுதான். அதைப் பெரிதாக்கி ஸ்டுடியோக்காரரின் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டால், கடைவீதி மொத்தமும் பார்க்கும். நான் ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை.

மதினி முன்பே எச்சரித்திருந்தாள். "கோயில்லயே நேருக்கு நேரா நிக்காம ஒதுங்கி நின்னு கும்பிடுற சாமி அது. வீட்டுல படம் கிடம் மாட்டிராதீக." வீட்டிலேயே இப்படி என்றால், கல்யாணப் படத்தை நம்பிப் பிழைக்கிற கடையில் சனியின் பெயரைச் சொல்லமுடியுமா? ஸ்டுடியோக்காரரிடம், "டெலஸ்கோப்புல எடுத்தது, ஒரு கிரகம்," என்று மட்டும் சொன்னேன்.

"எதுவா இருந்தா என்ன, குடுங்க தம்பி. ராசா மாதிரி ஆக்கித் தாரேன்," என்றார்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். மூக்கில்லாத இரண்டு மணப்பெண்களுக்கு நடுவே, கறுப்புப் பின்னணியில், தட்டு அளவுக்கு ஒரு வெள்ளை உருண்டை தொங்கியது. சுத்தமான உருண்டை. கேரம் காய் போல இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"வளையம்..." என்றேன்.

"என்ன வளையம்? ஓ, அதா. ரெண்டு பக்கமும் காது மாதிரிப் பிசிறு. கேமரா ஆடிருச்சுல்ல? பயப்படாதீங்க, லென்ஸை வச்சுக்கிட்டு கத்தி முனையால நெகட்டிவுலயே சுரண்டி எடுத்துட்டேன். எம்புட்டுப் பொடி வேலை தெரியுமா? உங்களுக்காகப் பண்ணேன்."

நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தேன். நொய்யரிசி இல்லை, ஒரு கடுகு இருந்தது. அதைச் சுற்றிக் கத்தி போன இடம் கண்ணாடி போல வெளுத்திருந்தது. திறமையான வேலைதான். எத்தனையோ முகங்களைச் சுரண்டிப் பழகிய கை.

சண்டை போட்டிருக்கலாம். அது என் சுபாவத்தில் இல்லை. இருந்திருந்தாலும் யாரிடம் சொல்வது? கடை வாசலில் நின்றவர்கள் "பௌர்ணமி நிலாவப் பாரு, நம்ம ஊருல எடுத்ததாம்," என்று பேசிக்கொண்டார்கள். நிலாவில் கறை எங்கே என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கறையில்லாத நிலா அவர்களுக்கு இன்னும் பிடித்திருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் ஸ்டுடியோக்காரர் பிரதி போட்டுக் கொடுத்தார். மதினியும் ஒன்று வாங்கிவந்து கூடத்தில் மாட்டினாள். "நிலாதானா இது? சனி சனின்னு பயமுறுத்திட்டீகளே," என்றாள்.

அடுத்த வருடம் முயன்றேன். மழை மாதங்கள் போய் வானம் தெளிந்தபோது வளையம் ஊசியாகியிருந்தது. பிலிமில் ஒன்றும் பதியவில்லை.

அதற்கும் அடுத்த வருடம், கார்த்திகை முடிந்த சமயம், ஸ்டுடியோக்காரர் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். காலண்டருக்கு இன்னொரு நிலாப் படம் வேண்டுமாம். "அன்னைக்கு நாம டச்சிங் பண்ணோமே, அதை நேருல பாக்கணும்னு இவளுக்கு ஆசை," என்றார்.

என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவனைத் தலைகுனியவைக்க எனக்கு ஆசை வந்தது. வளையம் முழுக்க ஒடுங்கும் காலம் என்று தெரியும். ஆனால் ஒரு நூல் அளவாவது மிச்சம் இருக்கும், அதுபோதும், இது பிசிறா என்று கேட்டுவிடலாம். நானே பார்த்துச் சரிசெய்ய நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. குழாயைச் சனி பக்கம் திருப்பி, பொட்டு வெளிச்சம் உள்ளே வந்ததுமே அவரை அழைத்தேன்.

அவர் குனிந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நெகட்டிவ் பார்க்கிற மாதிரியே பார்த்தார். பிறகு மனைவியைப் பார்க்கச் சொன்னார்.

"உருண்டையா இருக்குங்க," என்றாள் அவள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல தம்பி," என்றார் அவர். "கேமராதான் ஆடிருச்சு."

மதினி அவர்களுக்குக் காப்பி கொண்டுவந்தாள். நான் குனிந்து குழாயைத் திருகித் திருகிப் பார்த்தேன். நூலும் இல்லை, ஒன்றும் இல்லை. சனி, அவர் சுரண்டிவைத்தபடியே இருந்தது.