ஆறாவது பானை

என் மாமாவை ஊரில் எல்லோரும் நல்ல மனுஷன் என்பார்கள். நான் சொல்லமாட்டேன். அவர் செத்துப் பல வருடமாகிறது, இன்னும் சொல்லமாட்டேன்.

ஜப்பான்காரனோடு சண்டை நடந்த காலம். எனக்கு எட்டு வயது. தா.பழூருக்குத் தெற்கே, கொள்ளிடக் கரையில் எங்கள் வீடு. மார்கழியில் வெள்ளம் வடிந்து, மணலுக்கு நடுவே மடுக்கள் மட்டும் கழுத்தளவு தண்ணீரோடு கிடக்கும். அங்கே சிறகி வந்து இறங்கும். காட்டு வாத்துதான். எங்கிருந்து வருகிறதென்று யாருக்கும் தெரியாது. பனியோடு வரும், வெயில் ஏறினால் போய்விடும்.

தினமும் காலையில் என் பச்சைப் பாவாடையோடு மணலில் உட்கார்ந்து அவற்றைப் பார்ப்பேன். பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற வீடில்லை எங்களுடையது. முதலில் என் தலை தெரிந்தாலே கூட்டம் முழுக்க எழும்பிவிடும். பத்து நாளில் பழகிவிட்டது. ஒன்றுக்கு இடது சிறகு தொங்கும். நொண்டி என்று பேர் வைத்தேன். மற்றவை இறங்கி வெகுநேரம் கழித்துத்தான் அது வந்து சேரும். வரும்வரை வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். அவரிடம் துப்பாக்கி இருந்தது, சண்டையால் தோட்டா கிடைக்கவில்லை. போகிக்கு எறிய வைத்திருந்த பழைய பானைகளில் ஐந்தை எடுத்து, வாயை வைக்கோலால் அடைத்து, மடுவில் கவிழ்த்து மிதக்கவிட்டார்.

"பானை எதுக்கு மாமா?"

"அதுங்க வெளையாடத்தான்."

நம்பினேன். முதல் நாள் பறவைகள் பானையைக் கண்டு ஒதுங்கின. ஒரு வாரத்தில் உரசிக்கொண்டு நீந்தின. நொண்டி ஒரு பானையின்மேல் சாய்ந்தே தூங்கும். சாயங்காலம் மாமா கேட்பார், "இன்னிக்கு எந்தப் பானைகிட்ட நெறைய ஒக்காந்துச்சு?" ஒன்றுவிடாமல் சொல்வேன். "கெட்டிக்காரிடி நீ" என்று வெல்லம் கொடுப்பார்.

ஒருநாள் அம்மா, "அந்தப் பச்சைப் பாவாடையக் கழட்டுடி, நாறுது" என்றாள்.

"வுடுக்கா, பொங்கல் வரைக்கும் அதையே கட்டட்டும்" என்றார் மாமா. எனக்காகப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

என் அக்காவுக்கு அது தலைப்பொங்கல். புது மாப்பிள்ளை வந்திருந்தார். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள், கரிநாளன்று, கறி விருந்து. விடிந்ததும் நான் வழக்கம்போல ஆற்றுக்குப் போனேன். பானைகளை எண்ணினேன். ஆறு இருந்தது. மாமா இன்னொன்று போட்டிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

காற்றே இல்லை. ஆறாவது பானை மட்டும் மெதுவாக நகர்ந்தது. அதன் பக்கத்திலிருந்த ஒரு சிறகி தண்ணீருக்குள் போனது. முங்குகிறது என்று நினைத்தேன். மேலே வரவில்லை. இன்னொன்று போனது. அதுவும் வரவில்லை. சத்தமில்லை, சிறகடிப்பில்லை. பக்கத்துப் பறவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நொண்டி வந்தது. நேராக அந்தப் பானையிடம் நீந்தியது. சாய்ந்தது. தண்ணீருக்குள் போனது. அது இருந்த இடத்தில் நாலைந்து குமிழி வந்தது.

பிறகு பானை எழுந்தது. அதற்குக் கீழே கழுத்து, மார்பு, இடுப்பு. இடுப்புக் கயிற்றில் கழுத்து திருகிய பறவைகள் வரிசையாகத் தொங்கின. கூட்டம் அலறிக்கொண்டு பறந்தது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டிருந்த பானையைக் கழற்றி மாமா சிரித்தார்.

"அசையாம ஒக்காந்திருந்தே பாரு, அதான் ஒண்ணும் எழும்பல."

பந்தியில் மாப்பிள்ளையிடம், "இதெல்லாம் இவ புடிச்சதுங்க" என்று என்னைக் காட்டினார். "அப்ப அடுத்த வருஷமும் வந்துடறேன்" என்றார் மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா என் இலையில் ஒரு துண்டு வைத்தாள். தின்றேன். ருசியாக இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அன்று எனக்குக் கோபம் மாமாமேல்கூட இல்லை, பறவைகள்மேல்தான். தினம் பார்க்கிற பானை என்பதற்காக எதற்குள் என்ன இருக்கிறதென்று பார்க்காமல் போய்ச் சாய்வதா? முட்டாள் ஜென்மங்கள் என்று அழுதுகொண்டே திட்டினேன்.

பாவாடையை மாற்றவேண்டாம் என்று மாமா ஏன் சொன்னார் என்பது அப்போது புரியவில்லை. பானைகளை ஆறு என்று எண்ணியிருந்தேன். கரையில் பச்சைப் பாவாடையோடு உட்கார்ந்திருந்த ஏழாவதை எண்ண எனக்குத் தெரியவில்லை.