திரைக்கு மேலே எரிந்த பச்சை விளக்கு

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்ய லேப்டாப் கொடுத்திருந்தார்கள்.

ஒரு மதியம், ஆபீசில் இருந்த சிவகாமி அக்காவிடம் லேப்டாப் வழியாகவே, குரல் மட்டும் கேட்கும்படி, சாம்பிள் விஷயம் பேசினேன். இணைப்பைத் துண்டிப்பதாக நினைத்து ஒரு பட்டனை அழுத்திவிட்டு, அங்கேயே உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தேன். நிமிர்ந்தபோது திரைக்கு மேலே பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்தில் மிளகளவு கண்ணாடி. அது கேமரா என்று அப்போதுதான் புரிந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, நான் அங்க தெரிஞ்சனுங்களா?"

"ஆமா கண்ணு, தெரிஞ்சே. ஒடனே திரையை அணைச்சுப்போட்டேன். நாலு தடவை போன் பண்ணுனேன், நீ எடுக்கவே இல்ல."

குழந்தை விழித்துவிடக் கூடாதென்று போனில் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன்.

"பக்கத்துல ஆராச்சும் இருந்தாங்களாக்கா?"

"மேனேஜர் அப்பத்தான் சாப்பிடப் போனாரு. வேற ஆருமில்ல. அழுவாத கண்ணு."

சாயங்காலம் என் கணவர், நான் அழுத்தியது கேமரா பட்டன் என்று சொல்லி, அந்தக் கேமராவைத் திறந்து காட்டினார். கட்டில், தொட்டில், நான் துணி மாற்றும் மூலை வரை தெரிந்தது.

இப்போது கேமராவில் அறை தெரியாதபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் வேலை செய்கிறேன். பேசி முடித்ததும் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டே எழுகிறேன். கண்ணாடி மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். உங்கள் லேப்டாப்பிலும் அந்தக் கண்ணாடியை ஒருமுறை தேடிப் பாருங்கள். அதன் எதிரிலேயே ஏழு மாதம் உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை.