சுல்தானா வெறுங்கழுத்தோடு நடந்த நாள்

மதராஸ் பட்டணத்தில் ஒரு குதிரைக்குக் கல்யாணம் செய்து வைத்த ஒரே பெண்பிள்ளை நான்தான். சரி, இது கொஞ்சம் கூடுதல். செய்து வைக்கவில்லை; ஒரு வார்த்தை சொன்னேன். அதுவும் கேலியாகச் சொன்னது. ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகுதான் குட்டி பிறந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. மறுக்கக் கூடியவள் என் தங்கை ஜானு ஒருத்திதான். அவள் இதோ எதிரே உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறாள். எழுத எழுத நான் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அவள் உத்தரவு.

கரீமுல்லா பாய் ஜட்கா ஓட்டியவர். மயிலாப்பூர்க் கச்சேரி ரோட்டுப் பக்கம் எங்கள் வீட்டுப் பின்கட்டு ஜன்னலைத் திறந்தால் அவருடைய லாயம் தெரியும். எங்கள் அப்பா வக்கீல் அனந்தராமனைத் தினமும் சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய், மாலையில் திரும்ப அழைத்து வருவது அவர்தான். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் மோட்டார் வைத்திருந்தவர்களெல்லாம் ஜட்காவைத் தேடி வந்தார்கள். பாய் யாருக்காகவும் அப்பாவைக் காக்க வைத்ததில்லை.

ஒல்லியான மனிதர். தாடியில் பாதி நரைத்திருக்கும். சவாரி இல்லாத நேரத்தில் குதிரைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து அதனிடம் ஊர் விஷயம் பேசுவார். குதிரையின் பெயர் சுல்தானா. பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை. அதன் தாய் பாயின் தகப்பனார் வண்டியில் ஓடியது, அதன் பாட்டி பாயின் தாத்தா வண்டியில் ஓடியது. அந்த வரிசையில் மிச்சம் இருந்தது சுல்தானா மட்டும். அதற்கும் பல் தேய ஆரம்பித்துவிட்டது. குட்டி போடாமல் அது போய்விட்டால், பாய் யாருடைய வண்டியிலாவது, யாருடைய குதிரைக்குப் பின்னாலாவது கூலிக்கு உட்கார வேண்டும். அந்த நினைப்பே அவருக்குச் சோறு இறங்காமல் செய்தது.

வேளச்சேரியில், ஏரிக்கரை ஓரத்துத் தோப்பில், ஒரு மிராசுதார் கிண்டிப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஆண்குதிரை ஒன்றை வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டவர் மெஹபூப் பாஷா, கரீமுல்லா பாயின் மச்சான். "சுல்தானா பருவத்துக்கு வந்தா இட்டுனு வா மச்சான், நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொல்லியிருந்தார். ஆனால் சித்திரை முடிந்ததும் அந்தக் குதிரையைச் சேலம் பக்கம் அனுப்பிவிடுவதாக இருந்தார்கள்.

இதில் வந்த சிக்கலை நாகரிகமாக எழுதத்தான் பார்க்கிறேன். லாயத்தில் இருக்கும்போது சுல்தானா பருவத்துக்கு வந்தால் தெருவுக்கே தெரியும். வாலை ஒரு பக்கமாக ஒதுக்கித் தூக்கிக்கொள்ளும். பின்னங்கால்களை அகட்டிக்கொண்டு சொட்டுச் சொட்டாக மூத்திரம் விடும். கீச்சுக் குரலில் கத்தும். இதெல்லாம் ஆண்குதிரையைப் பார்த்து என்றால் நியாயம். தண்ணீர் வண்டி இழுக்கும் கிழட்டு மாட்டைப் பார்த்துச் செய்யும். எதிர்வீட்டு எருமையைப் பார்த்துச் செய்யும். ஒரு நாள் தபால்காரரைப் பார்த்துச் செய்தது. அவர் அப்புறம் அந்தச் சந்துக்குள் சைக்கிளை விடவே இல்லை. அம்மா ஓடி வந்து பின்கட்டு ஜன்னலைச் சாத்துவாள். அம்மா அந்தப் பக்கம் போனதும் நானும் ஜானுவும் திறப்போம்.

"வெக்கங்கெட்ட ஜென்மம்!" என்று பாயின் மாமியார் ஜைதூன் பீ உள்ளேயிருந்து கத்துவார். "மாட்டப் பாத்தா கூடவா பல்ல இளிக்கும்?"

பாய் உடனே அவசர அவசரமாகக் குதிரைக்குச் சேணம் பூட்டுவார். வெறும் சேணமா? பெருநாளுக்குப் போடுகிற பித்தளை மணிச்சரம், நெற்றியில் சிவப்புக் குஞ்சம், கண்ணுக்கு இரண்டு பக்கமும் புதுத் தோல் மறைப்பு. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறவள் மூளியாகப் போவாளா? வண்டியில் பூட்டி, கிண்டி வழியாக வேளச்சேரிக்கு ஓட்டிப் போவார்.

அங்கே போனதும் சுல்தானா கல்லாகிவிடும். ஆண்குதிரை கனைக்கும், குதிக்கும், மண்ணைக் கிளறும். இது காதை மடக்கிக்கொண்டு நிற்கும். கிட்டே வந்தால் உதை. முதல் தடவை மெஹபூப் பாஷாவின் தொடையில் பட்டது. அடுத்த தடவை ஆண்குதிரையின் கழுத்தைக் கடித்தது. வண்டியை அவிழ்த்து, சேணத்தையும் அங்கேயே கழற்றிப் பார்த்தார்கள். அப்போதும் அது மாப்பிள்ளையைப் பார்க்காமல், ஏர்க்காலைத் தரையில் ஊன்றி நின்ற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்ததாம். வீடு திரும்பி லாயத்தில் கட்டினால், பழையபடி எருமையிடம் வாலைத் தூக்கும்.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வயசாகிவிட்டது என்றார் மெஹபூப் பாஷா. கண்ணேறு என்று ஜைதூன் பீ தாயத்துக் கட்டினார். மாடு மேலே ஆசை என்றது தெரு. பாய் கோர்ட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அப்பாவிடம் கேட்டார்: "நீ படிச்சவரு சாமி, இதுக்கு இன்னா அர்த்தம்?" அப்பாவுக்கு நிலத் தகராறு தெரியும், இது தெரியாது. அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

பங்குனி போய்ச் சித்திரையும் பாதி ஆயிற்று. ஒரு மாலை அப்பா வண்டியை விட்டு இறங்கியதும், பாய் சுல்தானாவின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். மனசு என்னவோ செய்தது. அப்படிச் செய்தால் எனக்குக் கேலிதான் வாயில் வரும்.

"பாய், எங்கப்பாவும் இப்படித்தான்" என்றேன். "கறுப்புக் கோட்டுப் போட்டுண்டா நான் சிரிச்சாக்கூடத் திரும்பிச் சிரிக்க மாட்டார். வழியில கோட்டைக் கழட்டினாலும் முறைப்புப் போகாது. ஆத்துக்கு வந்து காலலம்பினாத்தான் அவர் எங்கப்பா. உங்க சுல்தானா வேளச்சேரிக்குச் சவாரி வந்திருக்கோம்னு நெனச்சிண்டு நிக்கறதோ என்னவோ. சவாரியில பல்லை இளிச்சா நீங்க சாட்டையால அடிப்பேளே!"

பாய் சிரிக்கவில்லை. "அடிச்சிருக்கேன் பாப்பா" என்றார். "சின்ன வயசுல, மவுண்ட் ரோட்டுல, எதிர் வண்டிக் குதிரயப் பாத்துக் கத்துச்சி. அன்னிக்கி வுட்டேன் பாரு..."

நான் சொன்னது பாய்க்குப் புரிந்துவிட்டது: வண்டியும் சேணமும் இல்லாமல், வீட்டிலிருந்தே நடத்திப் போக வேண்டும். ஆனால் அவரால் அதைச் செய்ய முடியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஜட்காக்காரர்கள் வீட்டுக் குதிரை சேணம் இல்லாமல் வாசலைத் தாண்டாது. லாடம் அடிக்கப் போனாலும் சேணத்தோடுதான் போகும். வெறுங்கழுத்தில் கயிறு போட்டு ஒரு குதிரையைத் தெருவில் நடத்திப் போனால், அதற்கு ஒரே அர்த்தம்: வாங்கினவன் வீட்டுக்குப் போகிறது, சொந்தக்காரன் நொடித்துப் போய்விட்டான். அவருடைய தகப்பனார் காலத்தில் அப்படி ஒருவர் குதிரையை நடத்திப் போய், மறுநாள் முதல் ஜட்கா ஸ்டாண்டு பக்கமே வராமல் ஊரை விட்டுப் போனாராம். வேறு எதை வேண்டுமானாலும் பாய் தாங்குவார். இதை மாட்டார்.

சித்திரை முடிகிற சமயத்தில் சுல்தானா மறுபடியும் தண்ணீர் வண்டி மாட்டைப் பார்த்துக் கத்தியது. இதை விட்டால் இன்னொரு தடவை கிடையாது.

அன்று பாய் மணிச்சரத்தை ஆணியிலிருந்து எடுத்தார். திரும்ப மாட்டினார். ஒரு பழைய கயிற்றைக் குதிரையின் கழுத்தில் போட்டார். பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். ஸ்டாண்டில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "இன்னா நைனா, யாருக்கு வித்தே?" என்று ஒருவன் கேட்டான். பாய் நிமிர்ந்து, தெருவே கேட்கிற மாதிரி, "குடுத்தாச்சு, மாமியார் ஊட்டுக்கு!" என்றார். சைதாப்பேட்டைப் பாலம் வரைக்கும் கேட்டவர்களுக்கெல்லாம் அதே பதில். வேளச்சேரித் தோப்பு வாசலில் ஆண்குதிரை கனைத்ததும் சுல்தானா நின்றது. வண்டியைத் தேடியது. வண்டி இல்லை. வாலை ஒரு பக்கமாக ஒதுக்கியது.

அடுத்த வருஷம் நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு ஒரு பெண்குட்டி பிறந்தது. பிற்பாடு அதன் வண்டியில்தான் நான் புக்ககம் போனேன். பழக்கும்போது பாய் அதன் மேல் சாட்டை வைத்ததே இல்லை. வழியில் எதைப் பார்த்தாவது அது கத்தினால், சவாரிக்காரர்களிடம் "கொஞ்சம் பொறுத்துக்க சாமி, பேசினுகீது" என்பார். இந்த வயதில் எனக்கும் அது படுகிறது. சேணத்தோடேயே காலத்தை ஓட்டிவிட்டு, அவிழ்த்துவிட்ட பிறகும் வண்டியையே பார்த்துக்கொண்டு நிற்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அப்பாவும் அவர்களில் ஒருவர். கரீமுல்லா பாய் அந்த ஒரு நாள் தன்னுடைய சேணத்தையும் சேர்த்து அவிழ்த்தார் என்று நினைக்கிறேன். அவர் நிமிர்ந்து நடந்த நடையை என் கண்ணாலேயே பார்த்தேன்.

"நீ எங்கே பார்த்தே?" என்கிறாள் ஜானு, புளிக்கையை உதறிக்கொண்டு. "அன்னிக்கு நீ காலேஜுல பரீட்சை எழுதிண்டிருந்தே. ஜன்னல்ல நின்னது நான். பாய் கயித்தைப் போட்டார், வாஸ்தவம். வாசப்படிகிட்ட வந்ததும் கால் எழும்பலை, அப்படியே நின்னுட்டார். உள்ளேருந்து அவர் ஆம்படையாள் அஸ்மத்துன்னிசா புர்காவை இழுத்து விட்டுண்டு வந்தா. 'குடு இப்டி. நானா ஸ்டாண்டுல போய் நிக்கப் போறேன்?'னு கயித்தைப் பிடுங்கிண்டு நடந்தா பாரு! மாமியார் வீட்டுக்குன்னு சொன்னதும் அவதான். பாய் யாரோ எவரோ மாதிரி பின்னாடி தள்ளி வந்துண்டிருந்தார். தெருக்கோடி திரும்பறச்சேதான் ஓடிப்போய் அவளோட சேந்துண்டார்."