வெயிலில் காயப்போட்ட விதை

எங்கள் வீட்டில் விவசாயி யார் என்று கேட்டால் மூன்று வயதுப் பிள்ளைகூட அம்மாவைக் காட்டும். சர்க்காருக்கு மட்டும் அது தெரியாது. பட்டா அப்பா பேரில் இருந்ததால் அவர்களைப் பொறுத்தவரை அப்பாதான் விவசாயி. கல்யாணமான நாளிலிருந்து அவர் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்குப் போய்வந்தவர். மண்வெட்டி பிடித்து நான் பார்த்ததில்லை. ஒன்றரை ஏக்கர் கரிசலில் விதைத்துக் களை எடுத்து அறுத்ததெல்லாம் அம்மா.

நான் நாலாவது படித்த வருஷம், புதுமுறை உளுந்து சாகுபடி என்று சாத்தூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் பயிற்சி போட்டார்கள். விதையை மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி விதைத்தால், மழை தள்ளிப்போனாலும் பயிர் தாங்குமாம். அம்மாவும் கிளம்பினாள். பட்டாதாரர் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா ஆலைக்கு லீவு போட்டுப் போனார், சாப்பாட்டுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார், ஒரு தொப்பியும் மருந்துப் பொட்டலமும் வாங்கி வந்தார்.

அம்மா எடுத்துவைத்திருந்த விதை உளுந்து முழுவதையும் அவரே ஊறவைத்தார். பிறகு, ஆலையில் வெடி காயப்போடுகிற அதே நேர்த்தியோடு, கறுப்புத் தார்ப்பாயை விரித்து உச்சிவெயிலில் பரப்பினார்.

"ஈர வெதைய வெயில்ல போடலாமா? நல்லாக் கேட்டீகளா?" என்றாள் அம்மா.

"மருந்துன்னா வெயில்லதான் காயணும். நாந் தெனம் பாக்குற வேல இது. ட்ரெய்னிங் போனது நீயா, நானா?"

காக்கா விரட்ட என்னை உட்காரவைத்தார்கள். தோல் சுருங்கி வெடித்த உளுந்தைக் குச்சியால் கிளறிவிட்டுக்கொண்டு பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

விதைத்தோம். மழையும் குறைவைக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்ததோடு சரி. மறுபடி விதைக்க வீட்டில் ஒரு படி உளுந்து இல்லை.

ஒருநாள் அதிகாரி ஜீப்பில் பார்வையிட வந்தார். அப்பா ஆலைக்குப் போயிருந்தார். நிலத்தைப் பார்த்து, விதையை வெயிலில் போட்டதைக் கேட்டதும் அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். நிழலில் உலர்த்தணும் என்று படித்துப் படித்துச் சொன்னோமே, உங்களுக்கெல்லாம் புதுசாக எதைக் கொடுத்தாலும் உருப்படாது என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். இன்றைக்கு நினைத்தாலும் அவர் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

"எங்கிட்ட எப்ப சார் சொன்னீக?" என்று அம்மா கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அவர் ஜீப்பில் ஏறினார்.

அன்று எனக்கும் கோபம் வந்தது, அம்மா மேல். ஜீப்பில் வந்த பெரிய மனிதரிடம் இப்படியா பேசுவது என்று வெட்கப்பட்டு, வீடு வரும்வரை அவளோடு பேசாமலே நடந்தேன்.