அடுப்படியில் ஒரு பொள்ளல் கல்

கொத்தனார் சொந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரமே தரையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். விடிந்ததும் விடியாததுமாக எழுந்து, பல்கூடத் துலக்காமல், குந்தி உட்கார்ந்து விரல் முட்டியால் ஒவ்வொரு டைல் கல்லாகத் தட்டுவார். அடியில் கலவை நிறைந்திருந்தால் சத்தம் அடங்கி வரும். காற்று புகுந்திருந்தால் டொக்கென்று காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பெயர் பொள்ளல். அடுத்தவர் வீட்டுத் தரையைத் தட்டியே வயிறு வளர்த்த மனிதர், இப்போது தம் வீட்டையே சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தார்.

ஆசைப்பட்டது கொஞ்சநஞ்சமா? பிறந்ததிலிருந்து வாடகை அறைதான். சுவரில் ஆணி அடித்தால் வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று, அவருடைய அப்பா சட்டையைக் கதவின் மேல் போட்டே காலத்தை ஓட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இவர் கொத்து வேலைக்குப் போன நாளிலேயே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார். யார் வீட்டில் வேலை நடந்தாலும், "என் வீட்டுல இந்த ஜன்னலை ஒரு அடி தள்ளி வைப்பேன்" என்று ஆரம்பித்துவிடுவார். கூட இருப்பவர்கள், "இல்லாத வீட்டுக்கு எத்தனை ஜன்னல்யா" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. உச்சி வெயிலில் அவரைச் சாரத்தில் நிறுத்தி வைத்தது அந்தப் பேச்சுதான்.

சிரிக்காதவள் அவர் மனைவி ஒருத்திதான். அவரிடம் சித்தாளாக வேலைக்கு வந்தவள். கலவை குழைத்துச் சட்டியில் ஏந்திக் கொடுத்தே பழக்கமாகி, கல்யாணமும் ஆனது. ஆன பிறகும் சித்தாள்தான், அதில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் பூசுவார், அவள் குழைப்பாள். சொந்த வீட்டையும் அப்படித்தான் கட்டினார்கள்.

வீடு வந்தாயிற்று. ஆணியும் தேவைக்கு மேலேயே அடித்தாயிற்று. ஆனால் வேலைக்குப் போனால் கை ஓடவில்லை. வாய் மட்டும் பழக்கதோஷத்தில், "என் வீட்டுல..." என்று தொடங்கி, பாதியில் நின்றுவிடும். அதற்கு மேல் என்ன சொல்வது? எல்லாம்தான் வைத்தாயிற்றே. சந்தோஷமாக இருக்க வேண்டிய ஆள் சிடுசிடுவென்று வீடு திரும்பி, சாப்பிட்ட கை காயுமுன் தரையில் உட்கார்ந்துவிடுவார். இதற்குள் குளியலறை வாசற்படியை இரண்டு தடவை பேர்த்துப் பூசியிருந்தார். பாத்திரம், துணி, தலையணை எல்லாம் சிமெண்ட் தூசி.

மனைவியின் அண்ணன் பெயிண்டர். ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "மாப்ள, வீடு கட்டினவன் காலை நீட்டிப் படுப்பான். நீ என்ன தொலைச்ச மோதிரத்தைத் தேடற மாதிரி ஊர்ந்துக்கிட்டிருக்க?" என்றார்.

"சும்மா உட்கார்ந்தா என்னமோ பண்ணுது மச்சான். எங்கேயோ கிளம்பணும் போல இருக்கு. எங்கேன்னுதான் தெரியல."

"இன்னொரு கல்லைப் பேத்தா நான் கிளம்பறேன்" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "அண்ணன் வீட்டுலயே இருந்துக்கறேன். இங்க குடியிருக்க வந்தேனா, இல்ல வேலைக்கு வந்தேனா?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் துணிமணிப் பை கட்டிலுக்கு அடியிலிருந்து கதவோரத்துக்கு வந்திருந்ததை அவரும் கவனித்தார். கவனித்து என்ன செய்ய? மறுநாள் காலையில் அடுப்பங்கரையில், அரிசி டின்னை நகர்த்தித் தட்டியபோது அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. டொக்.

எவன் வீட்டிலோ அல்ல, தம் வீட்டில், தம் கையால் போட்ட தரையில் பொள்ளல். கை போய்விட்டதா? வயசாகிவிட்டதா? மனைவி டின்னைத் தூக்கி அந்தக் கல்லின் மேலேயே வைத்தாள். "அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்றாள். அவர் நகர்த்துவார், அவள் திரும்ப வைப்பாள். வாரம் முழுக்க இதே கூத்து. டின்னுக்கு வாய் இருந்தால் அழுதிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து அவர் உளியை எடுத்துவிட்டார். தப்புதான், தெரிந்தேதான் செய்தார். ஓரத்தில் உளியைக் கொடுத்து இரண்டு தட்டு தட்டியதும் கல் முழுசாகக் கையோடு வந்தது. கீழே பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

காய்ந்த கலவையில் கொத்துக்கரண்டி பட்ட தடமே இல்லை. ஐந்து விரல் பதிந்திருந்தது. கையால் அள்ளி அப்பியிருக்கிறார்கள். மணிக்கட்டுப் பக்கம் வளையல் அழுத்திய கோடு ஒன்று.

அவர் எழுந்திருப்பதற்குள் அவள் வந்துவிட்டாள். கடைப் பையைக் கீழே வைத்தாள்.

"பேத்தாச்சா?"

"இது... நீயா?"

"அன்னைக்கு நீங்க சிமெண்ட் எடுக்கப் போயிருந்தீங்க. உங்க கரண்டியைத் தொட்டாதான் ஊரைக் கூட்டுவீங்களே. கையாலயே அப்பி வெச்சேன். நம்ம வீட்டுல நான் வெச்சதுன்னு ஒரு கல்லு இருக்கட்டும்னு."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

"கேட்கலையா? கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு கல்லு நான் வெக்கறேன்னு கேட்டேன். நீ கலவையைப் பாருன்னீங்க." அவள் பெயர்ந்த கல்லைக் கையில் எடுத்தாள். "உங்களுக்கு வீடு வேணும்னு இருந்துச்சு, கிடைச்சுடுச்சு. எனக்கு ஒரே ஒரு கல்லு. அதுவும் உங்களுக்குப் பொறுக்கல."

கொத்தனாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உளியோடு கிடந்த தம் கரண்டியை எடுத்துத் துடைத்து அவள் முன்னால் வைத்தார். பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். குழைத்துக் கொண்டுவந்ததை அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"தண்ணி கூடிப்போச்சு. இப்படியா குழைப்பாங்க?"

அவர் மறுபடி சட்டியைத் தூக்கினார். போய் வேறு குழைத்துக் கொண்டுவந்தார். பழைய கலவையைக் கொத்தி எடுத்துவிட்டு, அவள் கரண்டியால் பரப்பிக் கல்லை வைத்து அழுத்தினாள். வைத்த விதத்திலேயே ஒரு மூலை சரியில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கை பரபரத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தட்டுங்க" என்றாள். "இல்லாட்டி உங்களுக்குச் சோறு இறங்காது."

"வேண்டாம். நல்லாத்தான் இருக்கு. நீ கதவோரத்துல இருக்கற அந்தத் துணிப் பையை உள்ள வை."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தானே குனிந்து விரல் முட்டியால் தட்டினாள். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று கேட்ட சத்தம், அவளுக்கு மட்டும் தெரியாதா? மூன்று மூலை அடங்கி ஒலித்தது. நாலாவது டொக்கென்றது.

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கரண்டியால் கல்லை நெம்பித் தூக்கினாள்.

"விடும்மா, அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்றார் அவர்.

"சும்மா இருங்க. சரியா வர்ற வரைக்கும் போடத்தான் போறேன். போய் இன்னொரு சட்டி கலவை கொண்டாங்க."