கத்திரி இலையில் தையல்

பங்குனி முடிவதற்குள், காய்த்து ஓய்ந்த கத்திரிச் செடிகளைப் பிடுங்கிவிடுவது எங்கள் போடி வீட்டு வழக்கம்.

இன்று காலை தம்பி மனைவி செடியில் கை வைத்ததும், கொல்லைப் பறவைகளை நோட்டில் குறித்துவரும் அவள் மகள் செல்வி குறுக்கே நின்றாள்.

"பிடுங்காத ஆத்தா! தையல்சிட்டு இலையைத் தைச்சுக் கூடு கட்டிருக்கு."

"குருவி தைக்குதாம்! மதினி, படிச்சவுக நீங்க சொல்லுங்க."

எனக்கும் நம்பிக்கை இல்லை. குனிந்து பார்த்தேன். இலையின் இரு ஓரங்களும் இலவம்பஞ்சு இழையால் தைக்கப்பட்டிருந்தன. உள்ளே மூன்று முட்டைகள்.

"நெசந்தான்" என்றேன்.

தம்பி மனைவியும் எட்டிப் பார்த்தாள். "என் ரவிக்கைத் தையலே இம்புட்டு நேர்த்தியா இருக்காதே!"

அந்தச் செடியை விட்டுவிட்டு மற்றவற்றைப் பிடுங்கினாள்.

தினமும் கொல்லையில் புழங்கும் அவளைக் கண்டால் சிட்டு சும்மா இருக்கிறது. என்னைக் கண்டால்தான் கத்துகிறது. படித்தவர்களை அதற்கு எப்படித் தெரிகிறது? யாராவது சொல்லுங்கள்.